வீட்டுத் திருத்த வேலைகளும் எமது உடல்நலமும்



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு திங்கட்கிழமை காலை, எழுபது வயதைத் தொடும் ஐயா ஒருவர் மனைவியுடன் எமது சிகிச்சை நிலையத்துக்கு வந்திருந்தார். வலது குதிக்கால் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை.

“படியிலை சறுக்கிப்போட்டன் டொக்ரர்” என்றார்.

பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, “படியும் இல்லை ஒண்டும் இல்லை டொக்ரர். பீலி துப்புரவாக்கப் போய் ஏணியாலை விழுந்தவர். சொல்ல வெக்கப்படுறார்” என்றார்.

அந்த ஒரு வசனம் எமது பரிசோதனையையே மாற்றிவிட்டது. படியில் சறுக்கியவருக்குக் கணுக்காலைப் பார்ப்போம். உயரத்திலிருந்து குதிக்காலில் விழுந்தவருக்கோ முதுகையும் பார்க்க வேண்டும். விழுந்த வேகம் காலின் வழியே மேலேறி, இடுப்புப் பகுதி முள்ளந்தண்டு எலும்பை நசுக்கிவிடலாம். குதிக்கால் வலி மிக அதிகமாக இருப்பதால் முதுகு வலி ஆரம்பத்தில் தெரியாமல் போவதும் உண்டு. அவரை மேலும் நடக்க விடாமல் அம்புலன்சில் வைத்தியசாலைக்கு அனுப்பினோம். குதிக்காலிலும் முள்ளந்தண்டிலும் முறிவு இருந்தது. அம்மா வாய் திறக்காதிருந்தால், நாம் காலுக்கு மட்டும் எக்ஸ்றே எழுதிக் கொடுத்து அவரை நடக்க விட்டிருப்போம்.

இந்த இதழில் திருத்த வேலைகளைப் பற்றி எழுதத் தூண்டியது அந்தச் சம்பவம்தான்.

எம்மவர் ஏன் தாமே செய்கின்றனர்?

இதற்குக் காரணம் காசு மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பழுதானதைத் தூக்கி எறிவதென்பது அன்று எமது அகராதியில் இல்லை. இங்கு வந்து அகதியாக வாழ்க்கையைத் தொடங்கியபோதும் அந்தக் கைப்பழக்கம்தான் எம்மைக் காப்பாற்றியது.

ஆகவே திருத்த வேலை செய்யாதீர்கள் என்று சொல்வது எமது நோக்கமல்ல. சனிக்கிழமை காலையில் பன்னிங்ஸுக்குப் போய் ஆணியும் வர்ணமும் வாங்கி வந்து வேலை செய்பவருக்கு உடலுக்கு அசைவு கிடைக்கிறது, மனதுக்கு நிறைவும் கிடைக்கிறது. ஆனால் அவுஸ்திரேலிய வீடுகளிலும் கார்களிலும் உள்ள ஆபத்துகள் எமது ஊரில் நாம் பழகியவை அல்ல. அவற்றுள் நான்கை மட்டும் இங்கே பார்ப்போம்.

1. ஏணி

ஏணியால் விழுந்து வைத்தியசாலைக்குப் போவோரில் பெரும்பங்கினர் வயது முதிர்ந்த ஆண்கள். நாற்பது வயதில் ஏறிய அதே ஏணிதான். ஆனால் எழுபது வயதில் உடல் சமநிலையும் கண் பார்வையும் எலும்பின் உறுதியும் அப்போதிருந்தவை அல்ல. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அண்ணாந்து பார்க்கும்போதும் குனிந்து நிமிரும்போதும் தலை சுற்றக்கூடும்.

சாய்த்து வைக்கும் ஏணியாயின், 4 மீற்றர் உயரத்துக்கு அடிப்பகுதி சுவரிலிருந்து 1 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். இரு கால்களும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்கட்டும். எட்டாத இடத்துக்கு உடலை வளைக்காமல், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். சறமும் செருப்பும் ஏணிக்கு ஏற்ற உடையல்ல. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில் ஏற வேண்டாம். வாபரின், குளோப்பிடோகிறெல், அபிக்சபான் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு எமது ஆலோசனை ஒன்றுதான்: பீலி துப்புரவாக்க ஆள் பிடியுங்கள்.

2. கார்

எண்ணெய் மாற்றுவதும் பிறேக் பாட் மாற்றுவதும் எம்மவர் பலருக்குக் கைவந்த வேலை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஜக் என்பது காரை உயர்த்துவதற்கான கருவி. உயர்த்திய காரைத் தாங்கி நிற்பதற்கானதல்ல. காருடன் வரும் ஜக் சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அது சறுக்கினால் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் நெஞ்சின் மேல் இறங்கும். மூச்சு விட இடமிருக்காது. காரின் கீழே போக வேண்டுமானால், சமதளமான சீமெந்துத் தரையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பாரத்துக்கு ஏற்ற ஸ்ராண்டுகளின் மேல் காரை இறக்கிய பின்னரே போகலாம். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஸ்ராண்ட் ஆகா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

மூடிய கராஜில் இயந்திரத்தை ஓட விடாதீர்கள். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலையிடியும் வாந்தி வரும் உணர்வும் ஏற்பட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பற்றரியில் கை வைக்க முன்னர் கல்யாண மோதிரத்தைக் கழற்றுங்கள். மோதிரம் ஸ்பனருடன் சேர்ந்து மின்சுற்றை மூடினால், கணப்பொழுதில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுற்றி எரித்துவிடும். கைபிரிட், மின்சாரக் கார்களிலுள்ள செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடவே வேண்டாம்.

வாயால் உறிஞ்சி ரியூப்பில் பெற்றோல் எடுப்பது எமது ஊரின் பழைய வழக்கம். ஒரு சிறு மிடறு சுவாசப்பைக்குள் போனாலும் கடுமையான சுவாச அழற்சி வரும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். றேடியேற்றருக்கு ஊற்றும் கூலன்ற் இனிப்பானது, நஞ்சானது. அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தால் சிறுபிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

3. மின்சாரம்

இங்கே வீட்டு வயறிங் வேலையை உரிமம் பெற்ற எலக்ரீசியன் மட்டுமே செய்யலாம் என்பது சட்டம். பல்ப் மாற்றலாம். புதிய பிளக் பொயின்ற் போடக் கூடாது. பழைய சுவிச்சைக் கழற்றி மாற்றவும் கூடாது. ஊரில் வயறிங் தெரிந்தவராக இருந்தாலும் இதே விதிதான். கூரைக்குள் ஏறுவதானால் முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். மின் பலகையில் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிச் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

4. பழைய சுவர்

மேற்கூறிய மூன்று ஆபத்துகளும் உடனே தெரியவரும். நான்காவது அப்படியல்ல. இதை எமது சொந்தத் தவறிலிருந்தே சொல்கிறோம்.

2008 இல் மேற்குச் சிட்னியில் எமது முதல் வீட்டை வாங்கினோம். 1960களில் கட்டப்பட்ட சிறிய வீடு. சலவை அறையைத் திருத்த வேண்டியிருந்தது. மைத்துனரும் நாமும் ஒரு வார இறுதியில் சுவரில் இருந்த தட்டையான சீற்றுகளைச் சுத்தியலால் உடைத்துக் கழற்றினோம். மிச்சமிருந்த சுவரில் ட்றில்லால் துளை போட்டோம். முகக்கவசம் போடவில்லை. தரையெல்லாம் வெள்ளைத் தூசி. அதைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளியவள், உதவி செய்யும் ஆசையில் நின்ற எமது எட்டு வயது மகள்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருந்தார். குப்பையை வெளியே கொண்டுவந்தபோது வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “அது ஃபைப்ரோ. தெரியாதா?” என்று கேட்டார். ஃபைப்ரோ என்பது அஸ்பெஸ்டஸ் கலந்த சீமெந்துச் சீற்.

அஸ்பெஸ்டஸ் தூசியால் வரும் மீசோதீலியோமாப் புற்றுநோயைப் பற்றி மருத்துவ பீடத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர் நாம். ஆனால் எமக்குத் தெரிந்த அஸ்பெஸ்டஸ், ஊரில் கூரைக்குப் போடும் நெளிந்த சீற் மட்டுமே. வர்ணம் பூசிய சாதாரணச் சுவராக அது எம் முன்னால் நின்றபோது அடையாளம் காணவில்லை.

அவுஸ்திரேலியாவில் அஸ்பெஸ்டஸ் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2003 டிசம்பர் 31 அன்று. 1990க்கு முன்னர் கட்டிய அல்லது திருத்திய வீடுகளில் அது இருக்கலாம்: சுவர்ச் சீற், குளியலறை ஓட்டுக்குப் பின்புறம், பழைய வினைல் தரையின் அடிப்பகுதி, கூரை விளிம்பின் கீழ்ப்பகுதி, வேலி, மின்மானிப் பலகை. உடையாமலும் கலையாமலும் இருக்கும் வரை அது பெரிய தீங்கு செய்யாது. வெட்டும்போதும் துளைக்கும்போதும் அரத்தாள் போடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. அவை சுவாசப்பையில் தங்கினால் நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவியருக்கும் இந்நோய் வந்திருக்கிறது.

நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, உதிராத வகை அஸ்பெஸ்டஸை 10 சதுர மீற்றர் வரை வீட்டுக்காரரே அகற்றலாம். ஆயினும் எமது ஆலோசனை, சந்தேகம் இருந்தால் முதலில் ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பித்து, அகற்றும் வேலையை உரிமம் பெற்றவரிடம் கொடுப்பதே. தூசியைத் தும்புத்தடியாலோ வீட்டு வக்கியூம் கிளீனராலோ அள்ள வேண்டாம். உடைந்த துண்டுகளை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

1970க்கு முன்னர் வர்ணம் பூசிய வீடானால், பழைய வர்ணத்தில் ஈயமும் இருக்கக்கூடும். அதைச் சுரண்டும் தூசி கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கும் கெடுதி. ஓடு, கொங்கிறீற் வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசியும் சுவாசப்பையைப் பாதிக்கும். சமையலறை மேசைகளுக்கான செயற்கைக் கல்லை 2024 ஜூலை 1 முதல் இந்த நாடு தடை செய்ததற்குக் காரணம் இந்தத் தூசிதான்.

“நாங்களும் உடைச்சிருக்கிறம், இனி என்ன செய்யிறது?” என்று கேட்போர் பலர். ஒரு முறை, சிறிது நேரம் தூசி பட்டவருக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அது வருமா வராதா என்று சொல்லும் இரத்தப் பரிசோதனை கிடையாது. ஆண்டுதோறும் எக்ஸ்றே எடுப்பதால் பயனில்லை. ஆனால் எந்த ஆண்டில், எவ்வளவு நேரம், என்ன வேலை செய்தீர்கள் என்பதை உங்கள் வைத்தியரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். புகைப்பவராயின் இன்றே நிறுத்துங்கள். அஸ்பெஸ்டசும் புகையும் சேர்ந்தால் சுவாசப்பைப் புற்றுநோய் ஆபத்துப் பன்மடங்காகும். எமது மகளின் மருத்துவக் கோப்பிலும் அந்த வார இறுதி எழுதப்பட்டிருக்கிறது. அவள் வளர்ந்து நலமாக இருக்கிறாள். ஆனாலும் அந்தத் தும்புத்தடியை நாம் மறக்கவில்லை.

காயம் ஏற்பட்டால்

• தீக்காயம்: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், ஐஸ் வேண்டாம்.

• கண்ணில் பற்றரி அமிலம் அல்லது வேறு இரசாயனம்: உடனே 20 நிமிடம் நீரால் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கிறைண்டரில் பறந்த இரும்புத் துகளானால் கசக்காதீர்கள். அன்றே கண்ணைக் காட்டுங்கள்.

• அழுக்கான வெட்டுக்காயம், ஆணிக்குத்து: கடைசி ஏற்பு ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மீண்டும் தேவை. போர்க்காலத்தில் ஊசிப் பதிவுகளைத் தொலைத்தவர்கள் எம்மிடம் கேளுங்கள்.

• நீரிழிவு உள்ளவர்கள்: வேலை முடிந்ததும் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் ஆணி ஏறியதே தெரியாது.

• தலை அடிபட்டால்: இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

• மின் அதிர்ச்சி: முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், அதன் பின்பே ஆளைத் தொடுங்கள். எழுந்து நடந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அவசரத்துக்கு 000. நஞ்சு பற்றிய ஆலோசனைக்கு 13 11 26, இரவு பகல் எந்நேரமும். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையாயின் 13 14 50.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எப்படிக் காயம் பட்டது என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். “இந்த வயதில் ஏணியில் ஏறலாமா?” என்று ஏசுவார்கள் என நினைத்து மறைக்காதீர்கள். அந்த ஐயா இப்போது ஊன்றுகோலின்றி நடக்கிறார். சென்ற மாதம் வந்தபோது, பீலி துப்புரவாக்க ஆள் பிடித்த கதையைச் சொன்னார். அந்தப் பொடியன் ஏணியைப் பிழையாக வைத்தானாம். தான் கீழே கதிரையில் இருந்து திருத்திக் கொடுத்தாராம்.