முதிய குதிரைக்கு உணவு

கடலூர், அண்ணாகிராமம் பக்கத்து ஊர்களில் ஐயனார் கோயில் முன்றிலில் நிற்கும் சுடுமண் குதிரைகளை நாம் அறிவோம். அவை மூப்பும் பிணியும் அறியா. உயிருள்ள குதிரையோ இருபது ஆண்டைக் கடந்தபின் பல் தேய்ந்து, உடல் மெலிந்து, தன்னை வளர்த்தவரின் அறிவையே நம்பி நிற்கின்றது. முன்னர்க் குளம்பு நோயும் உற்றதாயின், அதற்கு உணவிடுதல் எளிய செயலன்று.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, பெரும்பொருள் கொடுத்துக் கடல்வழி வருவித்த குதிரைகள் ஈண்டு விரைவில் மடிந்தன என்றும், அவற்றிற்குச் சோற்றுடன் சமைத்த இறைச்சியை இட்டனர் என்றும் எழுதினார். பாரசீக ஆசிரியர் வாசாப், நெய்யிற் சமைத்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுக்கப்பட்டதாகக் கூறுவர். இக்கூற்றுகளில் மிகை இருக்கலாம். எனினும் அன்பினால் இடும் கொழுத்த உணவே விலங்கிற்குக் கேடாதல் உண்டு என்பதை இவற்றால் உணரலாம்.

குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுதோறும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய, அவ்வளவே ஈறினின்றும் மேலெழும். முதுமையில் எழுவதற்குப் பல் எஞ்சுவதில்லை. அப்போது புல்லை மென்று விழுங்கமாட்டாமல் உருண்டையாகக் கீழே உமிழும். சாணத்தில் நீண்ட நார் காணப்படும். உலர்ந்த உணவு தொண்டைக்குழலில் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

லாமினைட்டிஸ் என்பது குளம்பின் ஓட்டையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மெல்லிய தகடுகளைத் தாக்கும் நோய். மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவால் இரத்தத்தில் இன்சுலின் மிகுதலும், செரியாத மாவு பெருங்குடலிற் புளித்தலும் இதற்குக் காரணங்களாம். ஒருமுறை நலிந்த குளம்பு மீண்டும் நலிவது எளிது.

இங்ஙனம், மெலிந்த உடல் செறிந்த உணவை வேண்ட, குளம்போ அதனை விலக்குகின்றது. என் செய்வது?

முதலாவது, நாருணவே அடிப்படையாதல் வேண்டும். 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் நாலரை முதல் ஆறு கிலோ வேண்டும். அறுகம்புல்லைப் பழுது நீக்கிக் காயவைத்து, நுணுக நறுக்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுக. சர்க்கரையில் ஒரு பகுதி நீருடன் நீங்கும். நம் வெயிலில் அதற்குமேல் ஊறினால் புளித்துவிடும். வைக்கோல் முரடானது, சத்தும் குறைந்தது. தன் பெயரிலேயே குதிரையைக் கொண்ட குதிரைமசாலை உலர்த்திப் பொடித்துக் கூழாக்கிச் சேர்த்தல் நன்று. அதிற் புரதமும் சுண்ணச்சத்தும் உண்டு.

இரண்டாவது, கொள்ளு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்னும் பழமொழியைக் குதிரைக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. கொள்ளிலும் மாவு மிகுதி. மருத்துவர் இசைந்தால் மட்டும் சிறிதளவு, குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். தவிட்டில் எரியம் மிகுந்து சுண்ணச்சத்துக் குறைவாதலின், அதனையே நாளும் இடுதல் எலும்பை நலியச் செய்யும். நெல்லும் சோளமும் விலக்குக. கரும்பு விளையும் இப்பகுதியில் அன்புடன் நீட்டப்படும் வெல்லக்கட்டியும் சர்க்கரைப்பாகும் இக்குதிரைக்கு நஞ்சேயாம். எடை கூட்ட, சிறிது கடலெண்ணெய் சேர்த்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக உயர்த்தலாம். எண்ணெயில் மாவுமில்லை, சர்க்கரையுமில்லை.

மூன்றாவது, முறை. குதிரையின் இரைப்பை சிறிது. அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது. ஆதலின் நாளுணவை ஐந்தாறு வேளையாகப் பகுத்துக் கஞ்சிபோல் நெகிழ்த்தி இடுக. உணவை மாற்றுங்கால் பத்து நாளேனும் எடுத்துக்கொள்க. உப்பும் தூய நீரும் எந்நேரமும் அருகில் இருத்தல் வேண்டும்.

ஆறு திங்களுக்கொருமுறை பல்லைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கூரிய விளிம்புகளை அராவச் செய்க. உரோமம் நீண்டு உதிராதிருப்பின், மூளையடிச் சுரப்பியின் நோயையும் ஐயுறுதல் வேண்டும்; குளம்பு நோய் மீள்வதற்கு அதுவும் ஒரு காரணமாம். குளம்பு சுடுதல், முன்காலை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்றல், திரும்புகையில் தயங்குதல் என்னும் குறிகளைக் கண்டால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

வண்டியிழுத்தும் சுமை தாங்கியும் நமக்கு உழைத்த வாய் பேசாத உயிர், பசித்ததென்றும் வலிக்கின்றதென்றும் சொல்லாது. உமிழ்ந்த புல்லுருண்டையையும் தயங்கிய அடியையும் கண்டு அதன் மொழியை அறிந்துகொள்வது நம் கடன். கைந்நிறைய அள்ளியிடுவது மட்டும் இரக்கமாகாது. அளவறிந்து இடுவதே இரக்கமாம்.