விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறீர்களா? முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள்

ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து, அதே தெருவில் அதே அளவு வீடு நான்கு லட்சம் குறைவாகப் போனதாகக் காதில் விழுகிறது. “பொறு, இன்னும் இறங்கும்” என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அன்றிலிருந்து பில்டரின் போனை எடுப்பதில்லை. அடுத்த தவணைக்கு வந்த நோட்டீஸ் பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடக்கிறது. பிறகு ஒருநாள் ஒதுக்கீடு ரத்து, முன்பணம் பறிமுதல் என்று தபால் வருகிறது. அப்போதுதான் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள்.

இப்படி வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். வாங்குவதைத் தள்ளிப்போட்டது அவர்கள் தவறல்ல, அது அவரவர் விருப்பம். பணம் கொடுத்த பிறகு வாய்திறக்காமல் தள்ளிப்போட்டதுதான் தவறு. சட்டத்தின் கண்ணில் அது காத்திருப்பு ஆகாது. ஒப்பந்தத்தை நீங்களே மீறியதாகிவிடும்.

தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. முதலீட்டுக்காக வாங்குகிறவர் தாராளமாகக் காத்திருக்கலாம். குடியிருக்க வாங்குகிறவர், தன் வாடகையையும் கட்டவேண்டிய தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்யட்டும். 2015 வெள்ளம், 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் போட்ட தடை, அதே ஆண்டு நவம்பரில் பண மதிப்பிழப்பு என்று சென்னைச் சந்தை அடுத்தடுத்து அடி வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். விலை அடிமட்டத்தைத் தொட்ட நாள் எது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. சந்தை சரியும்போது விலையைவிட நான் அதிகம் பயப்படுவது விற்பவரின் கடனைப் பார்த்துத்தான். விற்பனை நின்றால் பில்டரிடம் பணம் நிற்கும், பணம் நின்றால் கட்டடம் நிற்கும்.

இன்னும் பணம் கொடுக்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ‘டோக்கன்’ என்று சொல்லி ஒரு லட்சம் கேட்பார்கள். விலையைப் பிடித்துவைக்கக் கொடுங்கள் என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். இறங்கும் சந்தையில் விலையை எதற்குப் பிடித்துவைக்க வேண்டும்? கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரேரா) 13-வது பிரிவை நினைவில் வையுங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல், வீட்டின் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கவே கூடாது. 60 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 6 லட்சம்தான் உச்சவரம்பு. அதற்குமேல் கேட்டால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். ரொக்கமாக ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

பணம் கொடுத்தவர்கள் முதலில் பார்க்கவேண்டியது, தவறு யார் பக்கம் என்பதை. ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் பில்டர் வீட்டை ஒப்படைக்கவில்லை என்றால், 18-வது பிரிவு உங்களுக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. வீடே வேண்டாம் என்று விலகி முழுப் பணத்தையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அல்லது, வீடு வேண்டும் என்று இருந்துகொண்டு, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். இந்தப் பணம் திரும்பக் கேட்கும் உரிமையை நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. ஆனால் ஒன்று. விலை இறங்கியது இந்தப் பிரிவுக்குள் வராது. பில்டர் சொன்னபடி கட்டிக்கொண்டிருக்கிறார், உங்களுக்குத்தான் விலை கசக்கிறது என்றால் 18-வது பிரிவைக் காட்டிப் பணம் வாங்க முடியாது. முன்பதிவுத் தொகையை அவர் பிடித்துக்கொள்ள ஒப்பந்தம் பெரும்பாலும் இடம்கொடுக்கும். தவணையை நிறுத்தினால் வட்டியும் நீங்கள்தான் கட்டவேண்டும். அவர் தாமதித்தால் உங்களுக்குத் தரவேண்டிய வட்டி விகிதம் எதுவோ, அதே விகிதம்தான் உங்களுக்கும்.

ஆகவே தவணையை நிறுத்தும் முன் கடிதம் எழுதுங்கள். திட்டத்தின் ரேரா பதிவு எண், ஃபிளாட் எண், ஒப்பந்தத் தேதி, இதுவரை கட்டிய தொகை, ஒவ்வொன்றையும் கட்டிய தேதி, எதற்காக நிறுத்துகிறீர்கள் அல்லது எத்தனை நாள் அவகாசம் கேட்கிறீர்கள் என்பது, இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்; அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் விற்பனைப் பிரிவுப் பையனிடம் “சார், கொஞ்சம் டைம் கொடுங்க” என்று கேட்டதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அவன் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான்.

தனியாரிடம் பழைய வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்தவர்கள் கதை இதைவிட மோசம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இருந்தும் வெறும் பத்திரத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறாது. விற்பவர் அதே வீட்டை வேறு ஒருவரிடம் காட்டி இன்னொரு அட்வான்ஸ் வாங்கினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

“மூன்று வருஷம் டைம் இருக்கிறதே” என்று பலர் சொல்கிறார்கள். மூன்று ஆண்டு என்பது வழக்குப் போடுவதற்கான காலவரம்பு மட்டுமே. வழக்குப் போட்டாலும், ஒப்பந்தக் காலம் முழுக்க நான் பணத்தோடு தயாராக இருந்தேன், வாங்க மனமும் இருந்தது என்று நீங்கள் நிரூபிக்கவேண்டும். விலை இறங்கட்டும் என்று ஒதுங்கி நின்றவர் அதை எப்படி நிரூபிப்பார்? அவகாசம் வேண்டுமென்றால், ஒப்பந்தத்தில் உள்ள கெடு முடியும் முன்பே விற்பவரோடு உட்கார்ந்து பேசி, கால நீட்டிப்பு ஒப்பந்தம் எழுதி அதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். கெடு முடிந்த பிறகு பேசினால் மேல்கை அவருடையதாகிவிடும். வழக்கு வரை போய்விட்டால், கிரையம் செய்து தரக் கேட்பதோடு, அது கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையையும் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். மனுவில் கேட்காத பணத்தை நீதிமன்றம் தானாக எடுத்துத் தராது. இந்த ஒரு வரி விடுபட்டதால் திண்டாடியவர்கள் இருக்கிறார்கள்.

புதிதாக ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் ஒரு நிபந்தனையை மறக்காமல் சேர்க்கவேண்டும்: வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரவேண்டும். 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்குமேல் 75 சதவீதமும்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. சந்தை இறங்கும்போது வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டின் மதிப்பைக் குறைத்தே எழுதுவார். நீங்கள் பேசிய விலைக்கும் அவர் எழுதிய மதிப்புக்கும் நடுவில் விழும் பள்ளத்தைக் கைப்பணத்தால்தான் நிரப்பவேண்டும்.

விலை இறங்கினாலும் அரசின் வழிகாட்டி மதிப்பு கூடவே இறங்குவதில்லை. இது எனக்குத் தீராத எரிச்சல். 2017-இல் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கே கொண்டுபோனார்கள். நடுவில் எந்தத் தெருவில் விலை என்ன ஆனது என்று யார் பார்த்தார்கள்? வழிகாட்டி மதிப்பு 62 லட்சம், நீங்கள் பேசி முடித்தது 54 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 62 லட்சத்துக்குக் கட்டினால் 5,58,000 ரூபாய். 54 லட்சத்துக்கென்றால் 4,86,000. குறைந்த மதிப்பில் பதிவு செய்ய உங்களுக்கு வழி உண்டு. சார்பதிவாளர் அதை முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார், அவர் விசாரித்து மதிப்பை முடிவு செய்வார். அதுவரை பத்திரம் கைக்கு வரத் தாமதமாகலாம். வங்கியோ அசல் பத்திரம் கேட்கும். அதனால் கடன் வாங்கி வாங்குகிறவர்கள் முதலிலேயே வங்கியிடம் இதைப் பேசிவிடுங்கள்.

அதோடு முடியவில்லை. வழிகாட்டி மதிப்பு நீங்கள் கொடுத்த விலையைவிட 10 சதவீதத்துக்குமேல் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதையும் உங்கள் வருமானமாகக் கணக்கிட்டு வருமான வரி கேட்பார்கள். மேலே சொன்ன கணக்கில் அது எட்டு லட்சம். ஆட்சேபம் இருந்தால், துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. பக்கத்து வீடுகளின் கிரையப் பத்திர நகல்களை அப்போதே வாங்கி வையுங்கள்.

மலிவு என்று வங்கி ஏலத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஏலம் உங்கள் பெயரில் முடிந்தால் 25 சதவீதத்தை உடனே கட்டவேண்டும், மீதியை 15 நாளில். எழுத்தில் நீட்டிப்பு பெற்றாலும் மொத்தம் மூன்று மாதத்துக்குமேல் போகாது. கட்டத் தவறினால் அந்த 25 சதவீதம் போனதுதான். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது. கடன் சம்மதம் கையில் இல்லாமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள்.

பில்டர் பணம் திருப்பித் தர மறுத்தால், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யவேண்டும். பணம், வட்டி, ஒப்படைப்பு கேட்க படிவம் ‘எம்’. நஷ்டஈடு கேட்க, தீர்ப்பு அதிகாரியிடம் படிவம் ‘என்’. இரண்டையும் குழப்பிக்கொண்டு தாக்கல் செய்தால் மாதங்கள் வீணாகும். ஒப்பந்த நகல், ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, நீங்கள் அனுப்பிய கடிதமும் அதன் ஒப்புகையும், எல்லாவற்றையும் தேதி வரிசையில் பக்க எண் போட்டு இணையுங்கள். பில்டர் மேல்முறையீடு செய்ய 60 நாள் உண்டு. ஆனால் உங்களுக்குத் தரவேண்டிய தொகையை முதலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டினால்தான் அவர் மனுவை எடுத்துக்கொள்வார்கள்.

உத்தரவு கையில் வந்ததும் பணம் வந்துவிட்டதாக நினைத்து ஓய்ந்துவிடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் ஆணையத்திடமே மறுபடி மனுச் செய்து, நில வரி பாக்கிபோல வசூலிக்கும் சான்றைக் கேட்டு வாங்கவேண்டும். அது மாவட்ட ஆட்சியருக்குப் போகும், அங்கிருந்து தாசில்தாருக்குப் போகும், ஒவ்வொரு மேசையிலும் தூங்கும். சான்றின் எண்ணையும் அனுப்பிய தேதியையும் குறித்துக்கொண்டு, பில்டரின் சொத்து விவரங்களை, அதாவது சர்வே எண், கிராமம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை நீங்களே திரட்டி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.