இராஜாபாய் கோபுரத்து மணிகள்

தொழிற்பேட்டைகளில் ஆலைச் சங்கு வேலைக்கும் உணவுக்கும் உரிய வேளையை அறிவிப்பதுபோல, கைக்கடிகாரம் எல்லோர்க்கும் எட்டாத பொருளாயிருந்த காலத்தில் நகர மாந்தருக்குப் பொழுதை உணர்த்தும் கைங்கரியத்தை மணிக்கூண்டுகள் செய்துவந்தன. அவற்றுள் பிரசித்தி பெற்ற ஒன்று, பம்பாய்ச் சர்வகலாசாலை வளாகத்தில் 280 அடி உயர்ந்து நிற்கும் இராஜாபாய் கோபுரம்.

இந்திய மண்ணை மிதித்தேயிராத ஸர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் லண்டனிலிருந்தே வரைந்தனுப்பிய படத்தின்படி 1869-இல் தொடங்கிய கட்டட வேலை 1878-இல் பூர்த்தியாயிற்று. இதற்கென இரண்டு லட்ச ரூபாய் ஈந்த பருத்தி வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த், தம் அன்னையின் பெயரையே இதற்குச் சூட்டுவித்தார். அஸ்தமனத்துக்குப் பின் உண்ணலாகாது என்னும் ஜைன நியமத்தை, கண்பார்வையற்ற அவ்வம்மையார் பிறர் உதவியின்றி அனுஷ்டிக்க இம்மணியோசை துணைநின்றதாக அந்நகரத்தார் சொல்வர்.

விரதத்துக்கு மணி துணைபோன கதை நமக்கும் புதிதன்று. திருச்செந்தூரில் உச்சிக்கால பூஜை முடிந்து முருகனுக்கு நைவேத்தியம் ஆனதும், வழிநெடுக இருந்த மணிமண்டபங்கள் ஒன்றன் ஒலி கேட்டு மற்றொன்று முழங்கிப் பாஞ்சாலங்குறிச்சிக்குச் செய்தி எட்டிய பின்னரே வீரபாண்டியக் கட்டபொம்மன் உணவுகொள்வான் என்பது தென்பாண்டி நாட்டு வழக்கு.

பம்பாய்க் கோபுரத்திலோ மணிகள் 16. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்படும் இத்தகைய மணிகள் அசையாது தொங்க, கடிகார யந்திரத்தோடு இணைந்த சுத்தியல்கள் அவற்றைத் தட்ட, பெரியது மந்தர ஸ்தாயியிலும் சிறியது தார ஸ்தாயியிலும் ஒலிக்கும். ஆங்கில ராஜகீதம் உட்படப் பல மெட்டுக்களை அந்நாளில் இசைத்த மணிகள் இன்று கால் மணிக்கொரு முறை நேரத்தை மட்டும் சொல்கின்றன. பொதுமக்கள் மேலேற அனுமதியில்லை. ஆயினும் எதிரேயுள்ள ஓவல் மைதானத்தில் நின்று அண்ணாந்தால், மேற்கிந்திய ஜாதியினர் பலரை அவரவர் உடையோடும் தலைப்பாகையோடும் வடித்த 24 சிலைகளைக் காணலாம்.

அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865-இல் ஓய்ந்து பருத்தி விலை வீழ்ந்தபோது பிரேம்சந்தின் பெருஞ்செல்வமும் உடன் கரைந்தது. தமக்கென வைத்திருந்தது போயிற்று. தாயின் பேரால் கொடுத்ததோ ஊருக்கெல்லாம் பொழுது சொல்லிக்கொண்டிருக்கிறது.