பயிற்சி யார் செலவில்?

கீரனூர் மாணவி ஒருவருக்குக் கோவை நிறுவனமொன்றில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகை கிடையாது, முடிவில் சான்றிதழ் உண்டு. கோவையிலேயே வீடுள்ள வகுப்புத் தோழிக்கு இதில் பெரிய செலவில்லை. பழனி வட்டத்துப் பேரூராட்சியிலிருந்து போகிறவருக்கோ விடுதி, சாப்பாடு, பேருந்து என்று மாதம் எட்டாயிரம் ரூபாய் ஆனாலே பதினாறாயிரம் கைவிட்டுப் போகும். விடுமுறையில் கடைக்கணக்கு எழுதிச் சம்பாதித்திருக்கக்கூடிய பணமும் அதோடு போகும். இருவர் கையிலும் ஒரே சான்றிதழ்தான். ஒருத்தி மட்டும் அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

சொல் ஒன்று, சட்டம் வேறு

கல்லூரிப் பாடத்திட்டத்தில் வரும் இன்டர்ன்ஷிப்புக்கு மதிப்பெண் உண்டு. அதற்கு நிறுவனம் பணம் தந்தே ஆகவேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ‘அப்ரண்டிஸ்’ எனப்படும் தொழில் பழகுநரின் நிலை வேறு. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு எழுத்து ஒப்பந்தமும் மாத உதவித்தொகையும் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 என 2019-இல் நிர்ணயித்தார்கள். இந்தத் தொகையை 36 விழுக்காடு உயர்த்த மத்திய தொழில் பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர்தான்.

திண்டுக்கல் கண்ட பாடம்

இந்த வேறுபாட்டின் விலையைத் திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் பல குடும்பங்கள் கொடுத்திருக்கின்றன. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் கிராமத்து இளம்பெண்களை மூன்றாண்டுக்குப் ‘பயிற்சி பெறுபவர்’ என்று சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணச் செலவுக்கு ஆகுமென்று கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். உடம்புக்கு முடியாமல் நடுவில் விலகியவர்களில் பலருக்கு அந்தப் பணம் வரவில்லை. 2011-இல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட ‘கேப்சர்டு பை காட்டன்’ அறிக்கை இதை வெளியுலகுக்குக் கொண்டுபோனது. சில மாதங்களில் கைவந்துவிடும் வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி எதற்கு என்ற கேள்வி, கணினி முன் உட்காரும் இன்டர்னுக்கும் பொருந்தும்.

ஐயாயிரம் போதுமா?

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கியது. அப்போதைய விதிப்படி 21 முதல் 24 வயதுள்ளவர்களுக்குப் பெரிய நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய். முதல் சுற்றில் 82,000-க்கு மேற்பட்ட வாய்ப்புகள் வழங்கப்பட்டன. ஏற்றுக்கொண்டவர்கள் 28,000 பேர். போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 பேர் அளவில்தான். இடம் தூரம், காலம் நீளம் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். வெளியூரில் தங்கி ஐயாயிரத்தில் மாதத்தை ஓட்ட முடியாது என்பது கீரனூர்க்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிறகு வேலை கிடைக்கிறதா?

அமெரிக்கக் கல்லூரிகள், நிறுவனங்களின் சங்கமான ‘நேஸ்’ 2019-இல் பட்டம் முடித்தவர்களிடம் கணக்கெடுத்தது. ஊதியத்துடன் பயிற்சி பெற்றவர்களில் 66.4 விழுக்காட்டினருக்கு வேலை அழைப்பு வந்திருந்தது. ஊதியமின்றிப் பயின்றவர்களில் அது 43.7 விழுக்காடு. பணம் கொடுத்ததால்தான் வேலை வந்தது என்று இதற்குப் பொருளல்ல. ஆளெடுக்கும் எண்ணமுள்ள நிறுவனம்தான் பயிற்சிக்கும் செலவழிக்கும். செலவழித்த ஆளுக்கு உருப்படியான வேலையும் கொடுக்கும். சம்பளமில்லாதவரிடம் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னால் நிறுவனத்துக்கு நட்டமில்லை.

சேருமுன் கேட்க வேண்டியவை

பட்டம், டிப்ளமோ முடித்தவர்கள், தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டமான ‘நாட்ஸ்’ தளத்தில் ஒப்பந்தம் பதிவாகுமா என்று முதலில் கேட்க வேண்டும். பதிவானால் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ‘கட்டுப்படியாகாது’ என்ற பதில் அங்கே பாதியாகிவிடும். படிக்கும்போதே போகிறவர்கள், யார் கற்றுத்தருவார், எந்த வேலை, எந்தத் தேதியில் முடியும் என்று எழுதி வாங்க வேண்டும். இவற்றுக்குப் பதில் சொல்லாமல் சான்றிதழை மட்டும் காட்டும் இடத்துக்குச் செலவழிக்க இருந்த பதினாறாயிரத்தில், பக்கத்து ஊரிலேயே ஒரு தொழிலை முறையாகக் கற்றுக்கொள்ளலாம்.