மொட்டைக் கழுத்தில் முள் முளைக்கிறதா?

கூண்டின் அடித்தட்டில் காலையில் ஒரு கைப்பிடி இறகு கிடக்கும். மேலே கம்பில், பிடரி மொட்டையாகிப்போன ஜீப்ரா ஃபிஞ்ச். பார்த்ததும் வயிறு கலங்கிவிடும். "அண்ணே, கழுத்துல முடியெல்லாம் கொட்டிருச்சு" என்று பறவைக் கடைக்கு ஓடுவோம். ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கிவந்து தண்ணீரில் கலப்போம். அதற்கு முன் அந்த மொட்டையை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள்.

தோலில் சின்னச் சின்ன முட்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது இறகு மாற்றம். ஒவ்வொரு முள்ளும் உறைக்குள் சுருண்ட புது இறகு. வளரும்வரை அதற்குள் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். அதனால் அந்த நாட்களில் பறவையைக் கையில் பிடிக்கவே வேண்டாம். பழையது உதிர உதிரப் புதியது முளைத்துவிடும். வழவழப்பாக மொட்டை விழுந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

தலையும் பிடரியும் பறவையின் சொந்த அலகு எட்டாத இடங்கள். அங்கே மட்டும் இறகு போயிருந்தால், பெரும்பாலும் பிடுங்கியது கூட இருக்கும் பறவைதான். கூண்டில் நெரிசல் இருக்கலாம். மண்கலயத்தில் கூடு கட்ட நார் போதாமல் துணையின் இறகையே உருவியிருக்கலாம். தேங்காய் நாரைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். நீளமாக விட்டால் காலில் சுற்றிக்கொள்ளும். பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். ஆனால் கத்தரித்த இறகு அடுத்த மாற்றம் வரை அப்படியேதான் இருக்கும். சிறகை வெட்டிவிடச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு தீனியில்தான். இறகில் ஏறக்குறைய 90 சதவீதம் புரதம். வெறும் தினையைக் கொட்டிவிட்டு அத்தனை இறகையும் புதிதாக நெய்யச் சொல்கிறோம். அவித்த முட்டையை மசித்து வையுங்கள், மதுரை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். முளைகட்டிய தினை, முருங்கைக்கீரை, கடல்நுரை எனப்படும் கணவாய் ஓடு, குளிக்க ஆழமில்லாத தட்டில் தண்ணீர் என்று எல்லாம் கையெட்டும் பொருள்கள்தான்.

அடுத்தது இருட்டு. ஏறத்தாழ 10 பாகை வடக்கில் இருக்கிற மதுரையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேர வித்தியாசம்கூட இல்லை. அந்த அளவான பகலையும் ஹாலில் எரியும் டியூப்லைட் இரவு பதினொன்றுவரை இழுத்துவிடுகிறது. ஆஸ்திரேலிய வறண்ட நிலத்து ஜீப்ரா ஃபிஞ்ச் மாதக் கணக்கில் மெதுவாக இறகு மாற்றுவதால் ஓரளவு சமாளிக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் மொத்தமாக மாற்றுகிற கோல்டியன் ஃபிஞ்சுக்கு இப்படி நீளும் வெளிச்சம் பெரும் பாரம். பொழுது சாய்ந்ததும் கூண்டை விளக்கில்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள்.

உண்ணி இருக்கிறதா என்று சோதிக்க, இரவில் கூண்டை வெள்ளைத் துணியால் மூடிவையுங்கள். காலையில் அதில் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் செவ்வுண்ணி. பறவை உடம்பை உப்பிக்கொண்டு, வால் ஆட மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலூர்ப் பக்கத்து வயல்களில் கூட்டமாய் இறங்குகிற சில்லைகளும் ஃபிஞ்சுக்கு நெருங்கிய உறவுதான். 1972 வனவிலங்குச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் பச்சையும் மஞ்சளும் சாயம் பூசி, வெளிநாட்டுப் பறவை என்று விற்கிற வழக்கம் இந்தியச் சந்தைகளில் உண்டு. அந்தச் சாயம் அடுத்த இறகு மாற்றம்வரைதான். உங்கள் பச்சைக் குருவியின் முதுகில் பழுப்பு இறகு முளைத்தால் மருந்து தேடாதீர்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.