பஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேட்காதீர்கள்

மே, ஜூன் மாதங்களில் எனக்கு இந்த போன் தவறாமல் வரும். "சார், அம்மா அப்பா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. டல்லாஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போகணுமாம். எங்களுக்கு லீவு இல்ல. இங்க பஸ் ஸ்டாண்டு எங்க சார் இருக்கு?" கேட்கிறவர் ஹூஸ்டனில் நாலைந்து வருஷம் குப்பை கொட்டியவராக இருப்பார். கார் வாங்கிய நாளோடு பஸ் என்ற ஒன்றையே மறந்துவிட்டவர்.

போன வருஷம் இப்படித்தான் ஒரு பெரியவர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகன் இணையத்தில் டிக்கெட் எடுத்தான். அதில் இருந்த முகவரியைப் படிக்கவில்லை. தான் படிக்கும் காலத்தில் பஸ் ஏறிய மெயின் தெரு நிலையம்தான் இருக்கும் என்று அப்பாவை அங்கே இறக்கிவிட்டு ஆபீஸுக்குப் பறந்துவிட்டான். அந்த நிலையம் 2023 இறுதியிலேயே மூடியாயிற்று. பஸ்களை நகரின் கிழக்குப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகஸ்ட் வெயிலில், கையில் ஊறுகாய்ப் பையோடு, பூட்டிய கட்டடத்துக்கு எதிரே ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். நான் போய் அழைத்துவந்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "வழி கேக்க ஒரு டீக்கடைகூட இல்லையேப்பா இந்த ஊர்ல."

உண்மையில் இந்த ஊரின் அமைப்பே அப்படி. 2020 கணக்கெடுப்பில் 23 லட்சம் பேர். அமெரிக்காவின் நாலாவது பெரிய நகரம். இங்கிருந்து டல்லாஸ் ஏறக்குறைய 240 மைல், சென்னையிலிருந்து திருச்சியைத் தாண்டிப் போகிற தூரம். இரண்டுக்கும் நடுவே ஓடிய ரயிலை 1995இல் நிறுத்தினார்கள். இன்று ஹூஸ்டனுக்கு வரும் ஒரே நெடுந்தூர ரயில் நியூ ஆர்லியன்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே போகும் 'சன்செட் லிமிடெட்'. வாரத்தில் மூன்றே நாள். அதில் ஏறி சான் அன்டோனியோ போனால் நடுராத்திரியில் இறங்க வேண்டும். டல்லாஸுக்குத் தொண்ணூறு நிமிஷத்தில் போகும் அதிவேக ரயில் வரப்போகிறது என்று பத்து வருஷத்துக்கு மேல் சொன்னார்கள். நிலம் எடுக்கும் உரிமைக்காக 2022இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த ரயிலைத் திட்டமிட்ட நிறுவனம் ஜெயித்தது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு தருவதாகச் சொன்ன 6.39 கோடி டாலரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒரு தண்டவாளம்கூடப் போடவில்லை. ஆகவே அந்தக் கதையை விட்டுவிடலாம்.

ஊருக்குள்ளும் இதே நிலைதான். மெட்ரோ பஸ்ஸில் ஒன்றேகால் டாலர் கொடுத்தால் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு வந்துவிடலாம், 102ஆம் எண் பஸ். ஆனால் பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் பஸ்ஸில் போக நினைத்தால் நடக்காது. அந்த ஊர் மெட்ரோவின் எல்லைக்கே வெளியே.

மிச்சம் இருப்பது தனியார் பஸ்கள். நம் ஊர் ஆம்னி பஸ் மாதிரிதான், ஆளுக்கொரு இடத்திலிருந்து கிளம்பும். ஒருவர் ஹோட்டல் வாசலில், ஒருவர் கடைத்தெரு வாகன நிறுத்தத்தில், ஒருவர் பெட்ரோல் பங்க்கில். 'ஹூஸ்டன்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். டிக்கெட்டில் உள்ள தெரு எண்ணைப் படியுங்கள். முதல் நாள் மாலை மறுபடியும் படியுங்கள், நிறுத்தத்தை மாற்றி மின்னஞ்சல் அனுப்பியிருப்பார்கள், அது குப்பைக் கோப்பில் கிடக்கும். பெரியவர்களைத் தனியே இறக்கிவிட்டுப் போகாதீர்கள். பஸ் கிளம்பும் வரை நில்லுங்கள். அரை நாள் லீவு போட்டால் கம்பெனி கவிழ்ந்துவிடாது.

பேர் தெரியாத கம்பெனி என்றால் பஸ்ஸின் பக்கவாட்டில் 'யு.எஸ்.டாட்' என்று ஒரு எண் எழுதியிருக்கும். மத்தியப் போக்குவரத்துத் துறையின் 'சேஃபர்' தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அவர்களுடைய அனுமதி, விபத்து, சோதனையில் கண்ட குறைகள் எல்லாம் வந்துவிடும். பயணிகள் பஸ் ஓட்டுநர் தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் பத்து மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது விதி. கண் சொருகச் சொருக ஓட்டுகிறவரைப் பார்த்தால் 1-888-368-7238 என்ற எண்ணில் புகார் செய்யலாம். செய்யுங்கள். இறங்கிய பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பிப் புண்ணியமில்லை.

பஸ் வராமலே போனால்? விமானம் ரத்தானால் பணம் திருப்பித் தர வேண்டும் என்று போக்குவரத்துத் துறை போட்டிருக்கும் விதி பஸ்ஸுக்குக் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கவுண்டரில் சத்தம் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். சத்தம் வேண்டாம், சாட்சி வேண்டும். நிறுத்தத்தில் நின்றபடியே நேரம் தெரியப் படம் எடுங்கள், நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், இங்குள்ள கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், அந்தக் கட்டணம் வந்த கணக்கு அறிக்கையிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு மறுப்பு எழுதிக் கொடுங்கள். 61ஆம் நாள் போனால் சட்டம் உங்களுக்குத் துணை நிற்காது. ஊர் கார்டில் வாங்கினால் அந்த வங்கியிடம்தான் போக வேண்டும்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் 48 மணி நேரம் முன்பே பஸ் நிறுவனத்துக்குச் சொல்லி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தூக்கி ஏற்றும் லிஃப்ட்டுக்குக் கூடுதல் காசு கேட்கக் கூடாது. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அப்படி. கேட்டால் புகார் போக வேண்டிய இடம் அமெரிக்க நீதித் துறையின் குடிமை உரிமைகள் பிரிவு.

பஸ் சரிப்படாது என்றதும் நம் பிள்ளைகள் 'ரைடு' தேடுகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் "ஹூஸ்டன் டு ஆஸ்டின், 25 டாலர், 2 சீட்" என்று வரும். ஓட்டுகிறவன் எஃப்-1 விசாவில் படிக்கிற பையன். பெட்ரோல் செலவைப் பங்கிட்டால் பிரச்சினையில்லை. லாபம் வைத்து வாரா வாரம் ஓட்டினால் அது வேலை, அனுமதி இல்லாத வேலை. விசா போகும். அதோடு, காசுக்கு ஆள் ஏற்றும்போது விபத்தானால் அவனுடைய சொந்தக் கார் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். பாலிசியின் விலக்குப் பகுதியில் எழுதியே வைத்திருப்பார்கள். உட்கார்ந்து போகிறவனுக்கும் அங்கே பாதுகாப்பில்லை. படிக்க வந்த இடத்தில் டாக்சி ஓட்டாதீர்கள்.

மார்ச் விடுமுறையில் சவுத் பாட்ரே தீவுக்குப் போகும் கூட்டத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லையைத் தாண்டவில்லையே என்று நினைக்கிறார்கள். திரும்பி வரும்போது 77ஆம் நெடுஞ்சாலையில் சரிட்டாவுக்குப் பக்கத்தில் எல்லைக் காவல் சோதனைச்சாவடி இருக்கிறது. வடக்கே போகும் வண்டிகளை நிறுத்திக் குடியுரிமை கேட்பார்கள். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். "பாஸ்போர்ட் ரூம்ல இருக்கு, போன்ல போட்டோ இருக்கு" என்று சொல்லி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த பையன்களை எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் அசல், ஐ-94 என்ற வருகைப் பதிவின் அச்சுப் பிரதி, மாணவர் என்றால் கல்லூரி தந்த ஐ-20 படிவம், மூன்றும் கையில் வேண்டும். ஐ-94ஐ சுங்கம், எல்லைக் காவல் துறையின் அரசுத் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது வாடகைக் காரில். அங்கேதான் ஊரிலேயே முடித்திருக்க வேண்டிய வேலையை முடிக்காமல் வந்தது தெரியும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, ஐ.டி.பி. என்பார்கள். முதல் முறையாக வாங்குகிறவர் அதை இந்தியாவில்தான் வாங்க முடியும், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மட்டும். காலாவதியானதைப் புதுப்பிக்கத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க 2021இல் வழி செய்தார்கள். அதுவும் ஏற்கெனவே வைத்திருந்தவருக்குத்தான்.

பரிவாகன் தளத்தில் 'சாரதி' பகுதிக்குள் போய்ப் படிவம் 4ஏ-யை நிரப்புங்கள். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். பழகுநர் உரிமத்துக்கு ஐ.டி.பி. கிடையாது. பாஸ்போர்ட்டிலும் உரிமத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். நம்மவர்களின் இனிஷியல் இங்கே படுத்தும் பாடு சொல்லி மாளாது. ஒன்றில் 'எஸ். முருகன்', இன்னொன்றில் 'முருகன் சுப்பையா' என்றிருந்தால் கவுண்டரில் இருக்கிற பெண் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகு மேனேஜரைக் கூப்பிடுவார். ஊரிலேயே திருத்திக்கொண்டு வாருங்கள். அனுமதி ஓராண்டு அல்லது உரிமம் தீரும் நாள், எது முந்துகிறதோ அதுவரை. அசல் உரிமம் இல்லாமல் அது வெறும் காகிதம். இரண்டும் சேர்ந்து கையில் இருக்க வேண்டும். இணையத்தில் 40 டாலருக்கு 'சர்வதேச லைசென்ஸ்' விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். புரோக்கர் சொன்னாலும் வாங்காதீர்கள். ஆர்.டி.ஓ. முத்திரை இல்லாதது போலி.

வண்டி எடுக்கும்போது இன்னொரு பள்ளம். கிரெடிட் கார்டோடு வரும் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் வாடகைக் காருக்கு ஆகும் சேதத்துக்குத்தான். நீங்கள் மோதிய எதிராளிக்கு அதிலிருந்து ஒரு சல்லிக்காசு வராது. டெக்சாஸில் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு ஆளுக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று விரல் வைத்துக் கேளுங்கள். மருத்துவச் செலவுக்கு நீங்கள் எடுத்து வந்த பயணக் காப்பீடு இதற்கு உதவாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் "இன்ஷூரன்ஸ் இருக்கு சார்" என்று அந்த அட்டையையே நீட்டுகிறார்கள்.

படிக்கவோ வேலைக்கோ குடியேறி வருகிறவர்கள் 90 நாளுக்குள் டெக்சாஸ் உரிமம் வாங்க வேண்டும். பொதுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் முன்பதிவு செய்தால்தான் உள்ளேயே விடுவார்கள். சில அலுவலகங்களில் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகிறது. எனவே வந்த முதல் வாரமே பதிவு செய்துவிடுங்கள்.

இந்தக் கோடையில் ஹூஸ்டனுக்கு யாரை அனுப்புவதாக இருந்தாலும், பெட்டி கட்டும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அந்தத் தலைமையாசிரியர் இரண்டு நாள் கழித்து டல்லாஸுக்கு விமானத்தில் போனார். பஸ் டிக்கெட் காசு திரும்பி வரவில்லை. பஸ் சரியான இடத்திலிருந்து சரியான நேரத்தில்தான் கிளம்பியிருந்தது.