குதிகாலில் தொடங்கி மேலேறும் வலி

ஸ்பெயினின் வடக்கே பில்பாவ் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஊர் லெசாமா. அத்லெடிக் கிளப்பின் கால்பந்து அகாடமி 1971 முதல் அங்கே இயங்குகிறது. பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையும் அங்கே ஆட்டம் பழகியவர்களையும் மட்டுமே களமிறக்குவது இந்தக் கிளப்பின் கொள்கை. அதனால் கையில் இருக்கும் பிள்ளைகளைக் காயமில்லாமல் வளர்த்தெடுத்தே தீர வேண்டும். சுமார் இருபது ஆண்டுக் காலத்தில் அங்கே பயின்ற 110 பேரின் வளர்ச்சிக் கோடுகளை ஆய்வாளர்கள் காயக் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புள்ள காயங்கள் பாதத்தருகே தொடங்கி, பையன் வளர வளர மேலேறுவது தெரிந்தது.

உடல் வளரும் வரிசையும் இதேதான். முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், தொடை, கடைசியில் முதுகு. பத்து, பன்னிரண்டு வயதில் குதிகால் வலிக்கும். பதின்மூன்றை ஒட்டி முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு மேடு தோன்றும். மண்டியிட்டால் உயிர் போகும். ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் 1903இல் தனித்தனியே விவரித்த நோய் அது. அதற்கும் பிறகு இடுப்பெலும்பின் முறை.

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். அது பற்றியிருக்கும் இடம் பிள்ளைகளுக்கு இன்னும் முற்றாத குருத்தெலும்பு. பந்தை ஓங்கி உதைக்கும்போது பெரியவருக்குத் தொடைத்தசை கிழியலாம். பதினைந்து வயதுப் பையனுக்கோ தசை தாங்கிவிடும். அது பற்றியிருக்கும் இடுப்பெலும்பின் முனை பெயர்ந்து வந்துவிடலாம். சராசரியாகப் பதினான்கு வயதில், ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை உயரும் காலத்தில், இந்த இடங்கள்மீது இழுவிசை கூடுகிறது. பிறந்த தேதியை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. ஒரே அணியில் மீசை அரும்பியவனும் குரல் உடையாதவனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள்.

ஆகவே தடுப்பின் முதல் கருவி அளவு நாடா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வந்தால் வேக வளர்ச்சி தெரிந்துவிடும். அப்போது ஸ்பிரிண்டையும் தாவலையும் தொடர் உதைகளையும் குறைத்து, சமநிலைக்கும் சரியாகத் தரையிறங்குவதற்கும் நேரம் தர வேண்டும்.

அடுத்தது வார்ம்-அப். ‘ஃபிஃபா 11+’ ஏறக்குறைய இருபது நிமிடப் பயிற்சி. ஒற்றைக் காலில் நிற்பது, முழங்கால் உள்நோக்கி மடங்காமல் குதித்திறங்குவது, பின்தொடைத் தசையை வலுவாக்குவது எல்லாம் அதில் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. 7 முதல் 13 வயதுக்கான வடிவத்தை நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்தபோதும், மொத்தக் காயங்கள் ஏறக்குறையப் பாதி குறைந்தன.

திறமையான பிள்ளைகள்தான் வலியை அதிகம் மறைக்கிறார்கள்; சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் கோச்சும் பெற்றோரும். வலியைச் சொல்லிச் சில வாரம் ஓய்வெடுப்பவன் ஆட்டத்தை இழப்பதில்லை. மறைத்து ஆடி எலும்பு முனை பெயர்ந்தவனுக்கோ மாதக்கணக்கில் களம் கிடையாது.